புகார் என்று தேடுகிறவர்கள்

செப்டம்பர் 4

நோட்டின் முதல் பக்கத்தில் பெயர், முகவரிக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். நிரப்பிவிட்டேன்: சுபாஷிணி, மகளிர் விடுதி, பீளமேடு, கோவை.

ஆபீஸ் லேப்டாப்பில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை தானாகப் படமாகி தினகர் அண்ணாவுக்குப் போய்விடும். அதனால் காகிதம். ஒளிப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்கே எனக்கென்று நாலு வரி எழுதலாம் என்றுதான்.

என் வேலையை அம்மாவுக்கு இன்னும் புரியவைக்க முடியவில்லை. கடைகள், ஆஸ்பத்திரிகள், கல்லூரிகள் எங்கள் கம்பெனிக்கு வாடிக்கையாளர்கள். அவர்களுக்காக வலைப்பதிவு எழுதுகிறோம். எழுதுவதைவிட முக்கியம், ஒவ்வொரு பதிவுக்கும் இணைய முகவரி வைப்பது. தலைப்பு அழகுக்கு, முகவரி தேடலுக்கு. ஐந்து வார்த்தைக்கு மேல் கூடாது. தேதி கூடாது. ஜனங்கள் எந்த வார்த்தையை அடித்துத் தேடுகிறார்களோ அதே வார்த்தை, நடுவில் சிறு கோடு. ஆங்கில எழுத்தில்தான் வைப்போம்; இந்த நோட்டில் மட்டும் தமிழில் எழுதிக்கொள்கிறேன். தமிழிலேயே வைத்தால் வாட்ஸப்பில் அனுப்பும்போது சதவீதக் குறியும் எண்ணுமாக மூன்று வரிக்கு நீளும். வைரஸ் என்று பயந்து யாரும் தொடமாட்டார்கள்.

இதில் நான் கெட்டிக்காரி. சொல்லிக்கொள்ள வேறு ஆள் இல்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

இன்று புது வாடிக்கையாளர். ஒளிக்கரை இல்லம், பல்லடம் தாண்டி இருக்கும் குடிமீட்பு மையம்.

செப்டம்பர் 6

ஒளிக்கரை பற்றி மக்கள் என்னவெல்லாம் தேடியிருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்தேன். 'ஒளிக்கரை இல்லம் முகவரி', 'ஒளிக்கரை இல்லம் போன் நம்பர்'. மூன்றாவது, 'ஒளிக்கரை இல்லம் புகார்'.

தினகர் அண்ணாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அந்த மூணாவதுதான் சுபா நமக்குத் தலைவலி. அதை அடிச்சா வேண்டாததெல்லாம் வருது."

நான்தான் சொன்னேன். "அண்ணா, அந்த வார்த்தையை நாமே எடுத்துக்கலாம். 'ஒளிக்கரை-இல்லம்-புகார்'னு முகவரி வெச்சு, உள்ள 'புகார்கள் உண்மையா?'ன்னு ஒரு பதிவு. படிச்சு முடிச்சா நல்ல இடம்னு தோணணும். புகார்னு தேடறவங்க முதல்ல நம்மகிட்ட வந்துருவாங்க."

ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு பேக்கரியிலிருந்து எல்லோருக்கும் தேங்காய் பன் வரவழைத்தார்.

தோட்டம், யோகா, தியான மண்டபம் எல்லாம் அவர்கள் அனுப்பிய படங்களில் இருந்தன. அதைப் பார்த்து எழுதினேன். ஆயிரத்து இருநூறு வார்த்தைகள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

செப்டம்பர் 9

விடுதியில் தண்ணீர் வரவில்லை. துணி ஊறவைத்தபடியே கிடக்கிறது.

செப்டம்பர் 13

நம் பதிவு இரண்டாம் பக்கத்துக்கு வந்துவிட்டது. முன்னால் என்னென்ன நிற்கின்றன என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கரூரிலிருந்து அமிர்தவல்லி என்று ஒரு அங்கன்வாடி டீச்சர் இலவச வலைப்பூவில் எழுதிய பதிவு ஒன்று. தலைப்பு 'என் தம்பிக்கு நடந்தது'. முகவரியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. தலைப்பு தமிழில் இருப்பதால் அந்த வலைப்பூ தானாகவே 'பிளாக்-போஸ்ட்-7' என்று வைத்திருக்கிறது. இப்படி இருந்தால் யார் கண்ணில் படும்? இத்தனை நாள் முதல் பக்கத்தில் நின்றதே போட்டிக்கு வேறு பதிவு இல்லாததால்தான்.

நாலு பத்தி படித்தேன். அடுத்த வேலை இருந்தது. எல்லா இடத்தைப் பற்றியும் யாராவது ஒருவர் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள்.

செப்டம்பர் 20

அரசு இளநிலை உதவியாளர் தேர்வு முடிவில் என் எண் இருக்கிறது! சென்னையில் அக்டோபர் 24, காலை பத்து மணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் கட்டாயம். அம்மா போனில் அழுதுவிட்டாள்.

என் ஒரிஜினல்கள், பத்தாவதிலிருந்து எம்.ஏ. வரை, தினகர் அண்ணாவின் இரும்பு பீரோவில் இருக்கின்றன. மூன்று வருட ஒப்பந்தத்தில் சேரும்போது கொடுத்தது. "ஹாஸ்டல்ல வெச்சா எலி கடிச்சுரும்மா, இங்க பத்திரமா இருக்கட்டும்" என்றார். இன்னும் பதினாலு மாதம் பாக்கி.

கேட்டேன். கோபப்படவே இல்லை. எழுந்து வந்து கை கொடுத்தார். "என் தங்கச்சி கவர்மெண்ட் வேலைக்குப் போறா, எனக்குப் பெருமையில்லையா? ஒளிக்கரை மட்டும் முடிச்சுக் குடுத்துரு. முதல் பக்கம் முழுக்க நம்முது ஆகட்டும். இருபத்திரண்டாம் தேதி நானே கவர்ல போட்டுத் தர்றேன்."

நல்ல மனிதர். வேறு முதலாளியாக இருந்தால் கத்தியிருப்பார்.

செப்டம்பர் 27

'ஒளிக்கரை இல்லம் புகார்' என்று அடித்தால் முதலில் நிற்பது என் பதிவு. இரண்டாவது, நான்காவது, ஐந்தாவதும் என்னுடையவையே. பிளாக்-போஸ்ட்-7 ஐந்தாம் பக்கத்துக்குப் போய்விட்டது. ஐந்தாம் பக்கம்வரை யாரும் போவதில்லை.

அக்டோபர் 1

காலையில் சமையலறைக்குச் சுடுதண்ணீர் பிடிக்கப் போனேன். விடுதிச் சமையல்காரர் சம்பூர்ணம் அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அவர் கணவர் துரைசாமி லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர். குடி அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"கண்ணு, நீ கம்ப்யூட்டர் வேலைதானே? ஒளிக்கரைன்னு ஒரு எடம் இருக்குதாமா. என்ற ஊட்டுக்காரரை அங்க சேர்த்தலாம்னு என்ற தம்பி சொல்றான். நல்ல எடமா, கெட்ட எடமான்னு பாத்துச் சொல்லு கண்ணு. எனக்குப் படிக்கத் தெரியாது."

போனை எடுத்தேன். அடித்தேன். என் பதிவு வந்தது.

"என்ன போட்டிருக்குது?"

அவருக்குத் தெரியும்படி திரையைத் திருப்பித் தோட்டத்தின் படத்தைக் காட்டினேன்.

"நல்லாத்தான் போட்டிருக்குக்கா" என்றேன்.

போட்டிருக்கிறது என்றுதான் சொன்னேன்.

அக்டோபர் 2

காந்தி ஜெயந்தி. மதுக்கடை கிடையாது. இன்று ஒருநாள்தான் தெளிவாக இருப்பார் என்று காலை ஏழு மணிக்கே ஆட்டோவில் அழைத்துப் போய்விட்டார்கள். துரைசாமி அண்ணன் மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்து, "போயிட்டு வாறேன் அம்மிணி" என்றார்.

நாள் முழுக்கச் சாப்பாடு விடுதியில் இல்லை. பன் வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 5

சம்பூர்ணம் அக்கா சந்தோஷமாக இருக்கிறார். நாற்பத்தைந்து நாளைக்குப் பார்க்க விடமாட்டார்களாம், போனும் கிடையாதாம். இங்கிலீஷில் இருந்த காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டார்களாம். "கண்டிசனா இருந்தாத்தானே திருந்துவாங்க" என்றார். எனக்கு மட்டும் தட்டில் இரண்டு முட்டை வைத்தார்.

"உன்னாலதான் கண்ணு."

ஒன்றைத் தொடவில்லை.

அக்டோபர் 9

அமிர்தவல்லியின் பதிவை முழுவதும் படித்தேன். ஆபீஸில் இல்லை. உணவு இடைவேளையில் வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, என் போனில்.

தம்பி பெயர் லோகநாதன். பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். மூன்று மாதம் ஒளிக்கரையில் இருந்திருக்கிறார். ஒரே அறையில் பதினோரு பேர். கதவு ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் திறக்கும். வீட்டுக்குப் போகணும் என்று கேட்டால் உடுப்பைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். அடித்ததில் இடது காது போய்விட்டது. இப்போது குடிப்பதில்லை. ஆனால் வீட்டில் எந்தக் கதவையும் சாத்தவிடுவதில்லை. மழைச்சாரல் அடித்தாலும் திறந்தே கிடக்க வேண்டும்.

கடைசி வரியில் போன் நம்பர் கொடுத்திருக்கிறார். 'யாராவது சேர்ப்பதாக இருந்தால் முதலில் என்னிடம் பேசுங்கள்.'

பதிவு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கீழே ஒரு பின்னூட்டம்கூட இல்லை.

அக்டோபர் 12

அந்த எண்ணுக்குப் பேசினேன்.

"யாருங்க?" பின்னால் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன.

"உங்க பதிவைப் படிச்சேங்க. ஒளிக்கரை பத்தி."

"படிச்சீங்களா? எப்படிங்க கிடைச்சுது? போன மாசம் நானே தேடினேன், எனக்கே கிடைக்கலை. நல்ல நல்ல கட்டுரையா வருது. யாரோ தோட்டம் கீட்டம்னு எழுதியிருக்காங்க. உங்க வீட்டு ஆள் யாராச்சும் அங்க இருக்கறாங்களா?"

"தெரிஞ்சவங்க."

"எத்தனை நாளாச்சு?"

"பத்து."

"சேர்த்த ஆளே நேர்ல போய் நின்னு கேட்டா வெச்சிருக்க அவங்களுக்கு உரிமை கிடையாதுங்க. எனக்கு அது மூணு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. போங்க. கூட ஆள் வேணும்னா நான் வர்றேன்."

நான் யார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சரிங்க என்று வைத்துவிட்டேன். இருபத்திரண்டாம் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. கவர் கைக்கு வந்த பிறகு சம்பூர்ணம் அக்காவிடம் சொல்லலாம். பத்து நாள்தானே.

அக்டோபர் 13

ஞாயிறு. மதியம் பிரியாணி. சாப்பாட்டு அறைக்குப் போகவில்லை. சம்பூர்ணம் அக்கா மேலே தூக்கி வந்து கதவைத் தட்டி வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 14

தினகர் அண்ணா கூப்பிட்டார். "சுபா, கடைசி வேலை. அந்தக் கரூர்ப் பொம்பளை மறுபடி எங்கயோ எழுதியிருக்குதாம். அதோட பேரையும் தம்பி பேரையும் போட்டே ஒரு முகவரி வை. 'அமிர்தவல்லி-லோகநாதன்-பொய்-புகார்'. தம்பிக்குப் புத்தி சரியில்லை, அக்கா பணம் பறிக்கப் பாக்குதுன்னு ஒரு பதிவு. இனி யார் அவங்க பேரைத் தேடினாலும் அதுதான் முதல்ல வரணும்."

"அந்தத் தம்பி பேர் எதுக்குண்ணா?"

"பேர் இருந்தாத்தானே தேடல்ல ஏறும்? எனக்கே நீ சொல்லிக் கொடுத்ததும்மா."

பீரோ சாவி மேசை மேல் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஐந்து மணிவரை ஒரு எழுத்தும் அடிக்கவில்லை. முப்பது முறை என் வெறும் திரை படமாகிப் போயிருக்கும்.

அக்டோபர் 15

காலையில் சமையலறையில் சொல்லிவிட்டேன். சம்பூர்ணம் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பதினோரு பேர், குழாய்த் தண்ணீர், காது, எல்லாம் சொன்னேன். கை நிற்கவில்லை. உரித்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு நீ போன்ல காட்டுனது?"

"அது நான் எழுதினதுக்கா."

"தெரிஞ்சேவா?"

"கொஞ்சம் தெரியும்."

"கொஞ்சம்னா?"

அவர் எழுந்து, உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டு மூடி, முந்தானையில் கண்ணைத் துடைத்தார். வெங்காயம்தான் காரணமோ, தெரியாது.

"இருபத்திமூணு வருசம் அந்த ஆளோட மாரடிச்சிருக்கறேன். அடிச்சிருக்கறாரு, வீட்டுச் சாமானெல்லாம் வித்துக் குடிச்சிருக்கறாரு. ஆனா ஒரு நாளும் நானாக் கொண்டுபோயி அடிக்கக் குடுக்கலை. இப்பக் குடுத்துப்போட்டேன்." செருப்பை மாட்டினார். "துணி மாத்திட்டு வா. நீயும் வருவே."

அதே நாள், மாலை

கிளம்பும்போதே போன் செய்திருந்தேன்; பல்லடம் பஸ் நிலையத்தில் அமிர்தவல்லி காத்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல். குடையும் தோள்பையும். போகிற வழியிலேயே காவல் நிலையத்தில் சம்பூர்ணம் அக்கா பெயரில் புகார் எழுதிக் கொடுக்க வைத்து, ஒரு பெண் எஸ்.ஐ.யையும் கூட்டிக்கொண்டார்.

ஒளிக்கரை ஒரு பழைய கோழிப்பண்ணை. தகரக் கூரை, உயரமான சுவர். தோட்டம் எங்கும் இல்லை. வாசலில் இருந்த நோட்டில் எல்லோரும் பெயரும் நம்பரும் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

மேலாளர் நாற்பத்தைந்து நாள் ஒப்பந்தம் என்றார், கைநாட்டைக் காட்டினார். சம்பூர்ணம் அக்கா அந்தக் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "அது எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. என்ற ஊட்டுக்காரரை வெளிய உடுங்க." இதையே ஏழெட்டுத் தடவை, ஒரே குரலில். எஸ்.ஐ. எழுந்து உள்கதவை நோக்கி நடந்த பிறகுதான் சாவியை எடுத்தார்கள்.

துரைசாமி அண்ணனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலையை மழித்திருந்தார்கள். இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அறுத்த தடம். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மனைவியைத் தேடிப் பிடித்தார்.

"சம்பூர்ணம், இன்னைக்கு என்ன கெழமை?"

"செவ்வாக்கெழமை."

"நான் ஐப்பசி முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்."

அவர் பின்னால் கதவு மூடுவதற்குள் உள்ளே இன்னும் சில முகங்களைப் பார்த்தேன். எண்ணவில்லை.

பல்லடம் திரும்பும் பஸ்ஸில் அமிர்தவல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் சொன்னேன், தோட்டம் கீட்டம் என்று எழுதியது நான்தான் என்று. அடுத்த நிறுத்தத்தில் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 18

வாசல் நோட்டில் எழுதிய பெயர் தினகர் அண்ணாவுக்கு வந்துவிட்டது. நான் உள்ளே போனபோது என் ஒரிஜினல்கள் மேசை மேல் விசிறிபோல் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. மேலே பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். அதில் ஒட்டியிருக்கும் படத்தில் இரட்டைச் சடை போட்டிருக்கிறேன்.

"நான் உனக்கு என்னம்மா குறை வெச்சேன்?" குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "சரி, போனது போகட்டும். ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. 'அந்த அம்மா பேச்சைக் கேட்டு ஏமாந்துட்டேன், ஒளிக்கரையில் தப்பு எதுவும் நான் பார்க்கலை.' அதைப் பதிவாப் போடுவோம். இதை எடுத்துட்டு இப்பவே சென்னைக்குப் பஸ் ஏறு."

கை நீட்டினால் எட்டும் தூரம். பேனாவை எடுத்தேன். அதை மறைக்காமல் இங்கே எழுதிவிடுகிறேன். மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன்.

"முகவரி என்னன்னு வைக்கப்போறீங்கண்ணா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது. பழக்கம்.

"உன் பேர்தான். 'சுபாஷிணி-உண்மை-வாக்குமூலம்'."

பேனாவை வைத்துவிட்டேன். "நான் பார்த்தேன்ணா" என்றேன்.

காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். "பதிமூணு மாசம் கழிச்சு வா." லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள்.

அக்டோபர் 19

என் சான்றிதழ்களைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். விசாரிக்கிறோம் என்றார்கள். சென்னை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரிஜினல் இல்லாமல் வர வேண்டாம் என்றார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 24

பத்து மணி. சென்னையில் தொடங்கியிருப்பார்கள்.

நான் கரூரில் இருக்கிறேன். நேற்று அமிர்தவல்லியே கூப்பிட்டார். "உன் மேல கோபம் போகலை. ஆனா அதை மேல ஏத்துனது நீதானே? கீழ இறக்கவும் உனக்குத்தானே தெரியும்? வா."

இறக்க எனக்கு வழியில்லை. என் பதிவுகள் கம்பெனியின் சொத்து. தொட முடியாது. அதை நன்றாகக் கட்டியிருக்கிறேன், லேசில் சரியாது. அவருடையதை ஏற்ற மட்டும் முடியும்.

எல்லாக் கதவும் திறந்து கிடக்கும் வீடு. லோகநாதன் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, வலது காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார். அமிர்தவல்லி சொல்லச் சொல்ல அடித்தேன். எதையும் திருத்தவில்லை. துரைசாமி அண்ணன் சொன்னதையும் சேர்த்தோம். முகவரியில்தான் தகராறு.

"தம்பி பேர் இருக்கணும்" என்றார் அமிர்தவல்லி. "அவனுக்குத்தானே நடந்தது?"

"லோகநாதன் அண்ணன் பேரை யாரும் தேடமாட்டாங்கக்கா. வீட்ல ஒருத்தரைச் சமாளிக்க முடியாம, என்ன செய்யறதுன்னு தெரியாம நிக்கறவங்க எதை அடிப்பாங்களோ அதைத்தான் வைக்கணும்."

"அக்கா, அன்னிக்கு நீ என்ன நெனச்சே?" என்று கேட்டார் லோகநாதன். "என்னைக் கொண்டுபோறதுக்கு முந்தின நாள்?"

அமிர்தவல்லி சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "சேர்க்கலாமா வேண்டாமான்னு."

'ஒளிக்கரை-இல்லம்-சேர்க்கலாமா' என்று வைத்தோம்.

நவம்பர் 2

ஆறாம் பக்கம்.

நவம்பர் 11

மூன்றாம் பக்கம். பழைய தோழிகள் பதினேழு பேரைப் பகிரச் சொன்னேன். நாலு பேர் பகிர்ந்தார்கள்.

துரைசாமி அண்ணன் ஒரு வாரம் குடிக்கவில்லை. பிறகு ஒருநாள் குடித்தார். சம்பூர்ணம் அக்கா அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் குடிமீட்புப் பிரிவுக்கு அழைத்துப் போகிறார், தினமும், போய்த் திரும்பி. என்னோடு பேசுவதில்லை. எல்லோருக்கும் போல எனக்கும் ஒரு முட்டை.

நவம்பர் 19

காவல் நிலையத்துக்கு தினகர் அண்ணாவின் ஆள் வந்து கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். சான்றிதழ் எல்லாம் இருக்கிறது. என் இடம் அடுத்த எண்காரருக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. அம்மாவிடம் சொன்னேன். "சாப்பிட்டியா?" என்றாள்.

ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுத ஆள் கேட்டிருக்கிறார்கள். திங்கள்கிழமை போக வேண்டும்.

நவம்பர் 28

முதல் பக்கம், கடைசி வரிசை. முதலிடத்தில் இன்னும் நான் எழுதியதுதான் நிற்கிறது.

டிசம்பர் 3

மதியம், கடையில் சாப்பாட்டு நேரம். பக்கத்து ஓட்டலில் கை கழுவும் இடத்தில் நின்றிருந்தேன். தெரியாத எண். பதிவில் அமிர்தவல்லியின் எண்ணோடு என் எண்ணையும் போட்டிருக்கிறோம்.

"ஏனுங்க, ஒளிக்கரை பத்தி எழுதுனது நீங்களா?" வயதான ஆண் குரல்.

"ஆமாங்க."

"நாங்க தாராபுரத்துக்காரங்க. இப்ப அந்த எடத்து வாசல்லதான் நிக்கறோம். பையன் பின் சீட்டுல தூங்கறான். காத்தால தேடுனப்ப மொதல்ல ஒண்ணு வந்துது, புகாரெல்லாம் பொய்யி, நல்ல எடம்னு. அதைப் படிச்சுப்போட்டுத்தான் காரைப் புடிச்சோம். வார வழியில எங்க ஊட்டம்மா இன்னும் கீழ தள்ளிப் பாத்துருக்குது. இப்ப வண்டிய உட்டு எறங்கமாட்டீங்குது. ரெண்டுல எதைங்க நம்பறது?"

பின்னால் ஒரு பெண் அழும் சத்தம் கேட்டது.

"ரெண்டையும் நான்தாங்க எழுதினேன்" என்றேன். "மொதல்ல வந்தது பொய். அந்த இடத்தைப் பாக்காமலே எழுதினேன். ரெண்டாவது, பாத்தவங்க சொன்னது. கேட்டுக்கு உள்ள போயிடாதீங்க. வண்டியைத் திருப்புங்க."

"திருப்பி எங்கீங்க போறது? ஊட்டுல வெச்சுக்க முடியாதுங்க. நேத்து அம்மாவையே அடிச்சுப்போட்டான்."

அரசு ஆஸ்பத்திரியின் குடிமீட்புப் பிரிவைச் சொன்னேன். எந்தக் கட்டடம், யாரைக் கேட்க வேண்டும், சம்பூர்ணம் அக்கா எத்தனை மணிக்கு அங்கே இருப்பார் என்றும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் மனைவியிடம் உரக்கத் திருப்பிச் சொன்னார். யாரோ இரும்புக் கேட்டைத் திறந்துகொண்டு வரும் சத்தம். "வாங்க சார், உள்ள வாங்க" என்று ஒரு குரல்.

"இல்லீங்க, வேண்டாமுங்க" என்றார் பெரியவர். என்னிடம் இல்லை, அந்தக் குரலிடம்.

கார்க் கதவு சாத்திய சத்தம் கேட்டது. போனை அணைக்க மறந்துவிட்டார். வண்டி பின்னால் போய், நின்று, திரும்புவது கேட்டது. பையன் விழித்துக்கொண்டு, "எங்கப்பா போறோம்?" என்றான்.

ஓட்டலில் கை கழுவ இடம் கேட்டு ஒருவர் பின்னால் நின்றார். போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவருக்கு வழிவிட்டேன்.